கை எட்டும் தூரம்

ஏப்ரல் 6
முகாம்

அன்புள்ள வாயாடிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். கடைசிப் பயணம் ஹெலிகாப்டரில். கீழே பார்த்தால் காடு, ஆறு, மறுபடி காடு. ஒரு மின்கம்பம்கூடக் கண்ணில் படவில்லை. முகாம் என்பது ஆற்றங்கரை மேட்டில் சில கூடாரங்கள், சுற்றிலும் மின்வேலி, அவ்வளவுதான். தொலைபேசி கிடையாது. சாமான் கொண்டுவரும் ஹெலிகாப்டரில்தான் தபாலும் வரும். ஆகவே இனி நம் பேச்செல்லாம் காகிதத்தில். உன் வேகத்துக்குப் பேனா தாங்குமா என்று பார்ப்போம்.

வேலை உனக்குத் தெரிந்ததுதான். கம்பெனி தாது தேடித் துளை போடுகிறது. எந்த இடத்தில் போட வேண்டும் என்று நான் நிலத்தை அளந்து முளை அடித்துக் கொடுக்க வேண்டும். ஒரே சிக்கல், கரடி. அளக்கும்போது கண் கருவியில் இருக்கும். முதுகுப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. அதனால் துப்பாக்கிக் காவல் இல்லாமல் யாரும் வேலியைத் தாண்டக் கூடாது என்று மேலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"எனக்கே ஒரு துப்பாக்கி குடுத்துடுங்களேன்" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க வேட்டைக்கு வந்திருந்தா அழைப்புக் கடிதத்தக் காட்டி, விமான நிலையத்துலயே தற்காலிக அனுமதி வாங்கிட்டு, சொந்தத் துப்பாக்கியோட உள்ள வந்திருக்கலாம். வேலைக்கு வந்துட்டீங்களே!" என்றார். விளையாட வருகிற வெளிநாட்டானுக்கு ஒரு சட்டம், உழைக்க வருகிறவனுக்கு ஒரு சட்டம். என்னைப் போன்றவன் உரிமம் கேட்டால் குடியிருப்பு அனுமதி வேண்டும், அவர்கள் மொழியில் தேர்வு எழுத வேண்டும், பூட்டு உள்ள இரும்புப் பெட்டி வேண்டும், நம் ஊர்ப் போலீசின் நன்னடத்தைச் சான்று வேண்டும். அதுவரை, உரிமம் உள்ளவர் கை எட்டும் தூரத்தில் நின்றால் மட்டுமே நான் துப்பாக்கியைத் தொடலாம். அவர் நகர்ந்துவிட்டால் நான் குற்றவாளி.

எனக்குக் காவலாக வந்திருப்பவர் ரொம்பப் பொறுப்பானவர். அவர் அதிகம் பேசுவதில்லை. ஆபத்துக்கு உதவும் என்று எல்லோருக்கும் சுடக் கற்றுத்தர வேண்டும் என்பது கம்பெனி விதி. அவர் பக்கத்தில் நின்று, தோளில் எப்படி அணைத்துப் பிடிக்க வேண்டும், மூச்சை எப்போது நிறுத்த வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். நான் பலகையைப் பார்த்துச் சுட்டேன். குண்டு பக்கத்தில் இருந்த பனிக்குவியலில் போய்ப் புதைந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அம்மாவிடம் கரடி பற்றிச் சொல்லாதே.

உன் அத்தான்

•

ஏப்ரல் 25

மதிப்பிற்குரிய நில அளவையாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கடிதம் முழுக்க அவர் வந்தார், அவர் நின்றார், அவர் சொல்லிக் கொடுத்தார். நானும் யாரோ மீசை வைத்த பெரியவர் என்று மரியாதையோடு படித்துக்கொண்டு வந்தேன். கடைசியில் பார்த்தால் "சிரித்தாள்". தமிழில் எழுதினால் இதுதான் தொல்லை அத்தான். எவ்வளவு பத்திரமாக மூடி வைத்தாலும் வினைச்சொல் போட்டுக் கொடுத்துவிடும்.

நீங்கள் வேண்டுமென்றே மறைத்தீர்களா, கை தவறியதா? வேண்டுமென்றே என்றால் எனக்குக் கோபம். கை தவறியது என்றால் அதைவிடக் கோபம்.

இன்று எக்ஸ்ரே அறையில் ஒருவருக்கு வலது முழங்காலுக்குப் பதிலாக இடது முழங்காலைப் படம் எடுத்துவிட்டேன். "அம்மா, வலிக்கிறது இது" என்று அவர் மற்றக் காலைத் தூக்கிக் காட்டினார். என் புத்தி முழுக்க உங்கள் பனிக்குவியலில் புதைந்து கிடக்கிறது.

சில கேள்விகள். கை எட்டும் தூரம் என்றால் யாருடைய கை? தோளில் அணைத்துப் பிடிப்பதை வாயால் சொல்லிக் கொடுத்தாளா, கையால் காட்டிக் கொடுத்தாளா? வயது என்ன? கல்யாணம் ஆனவளா? அதிகம் பேசாதவள் எதற்காக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்?

அத்தையிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கரடியையும் சேர்த்துத்தான். உங்கள் அம்மா கரடிக்குப் பயப்படவில்லை. "ஏண்டி, கையில துப்பாக்கி வச்சிருக்குறவளப் பாத்தா பொறாமைப்படுறே? பயப்படணும்டி" என்றார்.

நான் இரண்டும் படுகிறேன்.

உங்கள் வாயாடி

•

மே 12
முகாம்

அன்புள்ள வாயாடிக்கு,

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டாலே இப்போது எனக்குக் கரடி வந்தது மாதிரி இருக்கிறது.

"அவர்" என்று எழுதியது மரியாதைக்காக. நம்பு. என்னைவிட மூத்தவள். முன்பு ஆற்றில் சாமான் படகு ஓட்டிக்கொண்டிருந்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், எண்ணெய்க் கறை படிந்த கோட்டு, விறகு பிளந்து காய்த்துப்போன கை. குறட்டை விட்டால் மூன்று கூடாரத்துக்குக் கேட்கும். போதுமா?

நான் கருவியில் கண்ணை வைக்கும்போது அவள் எனக்கு முதுகைக் காட்டி நிற்பாள். நான் வடக்கே பார்த்தால் அவள் தெற்கே. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் செய்கிற வேலை இது. இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது?

ஆனாலும் உன் திருப்திக்காக மேலாளரிடம் போய், காவலை மாற்றித் தரக் கேட்டேன். இங்கே இன்னொரு காவலர் உண்டு, கிழவர், துளை போடுகிறவர்களோடு இருப்பவர். "அவருக்கு முட்டி தேஞ்சு போச்சு. மலைச்சரிவுல ஏற மாட்டார். நீங்க அவரத் தூக்கிட்டுப் போறீங்களா?" என்று மேலாளர் கேட்டார். காரணம் என்ன என்று வேறு கேட்டார். நான் என்ன சொல்ல?

ஒரே வழிதான் இருக்கிறது. எனக்கே உரிமம் கிடைத்துவிட்டால் யாரும் என் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. அவர்கள் மொழியில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெட்டியைக் கம்பெனி தரும். நம் ஊர்ப் போலீசிடம் நன்னடத்தைச் சான்று வாங்கி அனுப்ப முடியுமா? என் பாஸ்போர்ட் நகல் பீரோவில் இருக்கிறது.

உன் அத்தான்

•

மே 30

அத்தான்,

உங்களைவிட மூத்தவள், படகு ஓட்டினாள், விறகு பிளப்பாள், எல்லாம் எழுதினீர்கள். கல்யாணம் ஆனவளா என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. எக்ஸ்ரே எடுக்கிறவளிடம் ஒன்றை மறைப்பது கஷ்டம். குறட்டை பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. கேட்டால் சண்டை வரும்.

சான்று கிடைத்துவிட்டது, இதோடு வைத்திருக்கிறேன். அதை வாங்க நான் பட்ட பாடு இருக்கிறதே! எங்கள் ஆஸ்பத்திரிக் கணக்கர்தான் கூடவே வந்தார். அவருக்குப் போலீஸ் நிலையத்தில் ஆள் தெரியும். அவருடைய ஸ்கூட்டரில்தான் போனேன். எழுத்தர் மேலே பார்க்காமல், "எதுக்கும்மா சான்று?" என்றார்.

"வெளிநாட்டுல துப்பாக்கி உரிமம் வாங்க."

பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். "யாருக்கு?"

"என் வீட்டுக்காரருக்கு."

"யாரச் சுடப் போறாரு?"

"கரடிய."

"கரடியா?" என்று அவர் கணக்கரைப் பார்த்தார். கணக்கர், "ஆமா சார், உண்மையான கரடி" என்றார். அதற்குப் பிறகு நிலையத்தில் இருந்த அத்தனை பேரும் எங்களைச் சுற்றி நின்று கதை கேட்டார்கள்.

மறுநாள் விசாரணைக்கு ஒரு காவலர் வீட்டுக்கு வந்தார். உங்கள் நடத்தை எப்படி என்று அத்தையைக் கேட்டார். "என் பிள்ளையா? கரப்பான் பூச்சியப் பாத்தாலே கட்டில் மேல ஏறி நிப்பான்" என்று அத்தை வாக்குமூலம் கொடுத்தார். காவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதிக்கொண்டு போனார். உங்கள் நன்னடத்தைக்கு ஆதாரம் கரப்பான் பூச்சிதான்.

சீக்கிரம் உரிமம் வாங்குங்கள். வாங்கிய அன்றே அவளை அனுப்பிவிடுங்கள். கணக்கரிடம் இதைச் சொன்னபோது, "நீங்க ரொம்பத்தான் சந்தேகப்படுறீங்க மேடம்" என்றார். அவருக்கு என்ன தெரியும்? அவருக்குத்தான் யாரும் சிரித்துக் காட்டவில்லையே.

வாயாடி

•

ஜூன் 17
முகாம்

வாயாடிக்கு,

சான்று வந்தது. நன்றி. கணக்கருக்கும் என் நன்றியைச் சொல். யார் அந்தக் கணக்கர்? நான் இருந்தவரைக்கும் உன் பேச்சில் அவர் வந்ததே இல்லை. பேருந்து நிறுத்தம் வீட்டு வாசலில் இருக்கும்போது ஸ்கூட்டர் எதற்கு? நம் குடும்ப விஷயத்தை அவரிடம் சொல்லி, அவர் அதற்குத் தீர்ப்பும் சொல்லியிருக்கிறார். "மேடம்" என்று வேறு கூப்பிடுகிறார். இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது உனக்கு எப்படி இருக்கிறதோ, அப்படித்தான் உன் கடிதங்களைப் படிக்கும்போது எனக்கு இருந்தது.

போன வாரம் நகரத்துக்குப் போய் உரிம அலுவலகத்தில் நின்றேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் அதிகாரி. தேர்வில் தேறிவிட்டேன். சான்றைப் புரட்டிப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், எல்லாம் சரி என்றார். கடைசியில், "ஆனா உங்க குடியிருப்பு அனுமதிக்கு இன்னும் வயசு பத்தாது. அடுத்த வருஷம் வாங்க" என்று எல்லாவற்றையும் திருப்பித் தள்ளிவிட்டார். அடுத்த வருடம் நான் இங்கே எதற்கு?

"வேற வழியே இல்லையா?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே, "இருக்கே. இந்த நாட்டுப் பொண்ணு யாரையாவது கட்டிக்கோங்க. காத்திருக்க வேண்டியதே இல்ல. எல்லாம் அடுத்த நாளே கிடைச்சுடும்" என்றார். என்னோடு வந்திருந்த காவல்காரியும் சிரித்தாள்.

உனக்கும் சிரிப்பு வரட்டும் என்று எழுதினேன்.

அத்தான்

•

ஜூலை 4

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உரிம அலுவலகத்துக்கும் அவளோடுதான் போனீர்களா? நகரத்தில் கரடி இருக்கிறதா? நான் நடையாய் நடந்து, போலீஸ் நிலையத்தில் ஊரே வேடிக்கை பார்க்க நின்று, அவளை உங்கள் பக்கத்திலிருந்து விலக்குவதற்காக ஒரு காகிதம் வாங்கி அனுப்பினேன். அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டும்போது அவள் பக்கத்தில் நின்றிருக்கிறாள். அந்த ஆள் அப்படிச் சொன்னபோது இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருக்கிறீர்கள். நீங்கள் சிரித்தீர்களா என்று எழுதவில்லை. சிரித்திருப்பீர்கள்.

கணக்கரைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு நாள் ஸ்கூட்டரில் போனேன். இறங்கிவிட்டேன். அவருடைய கை எட்டும் தூரத்தில் நான் தினமும் நிற்பதில்லை. அப்படி நிற்கச் சொல்லிச் சட்டமும் இல்லை. பழிக்குப் பழியாகத்தான் அந்தக் கல்யாணப் பேச்சை எழுதினீர்கள் என்பதுகூடப் புரியாத மக்கு இல்லை நான். ஆனாலும் வேலை செய்துவிட்டது. வேண்டிய இடத்தில் குத்திவிட்டீர்கள்.

அத்தை என்னைப் பைத்தியம் என்கிறார். "அவன் குனிஞ்ச தலை நிமிராம வேலை செய்வான்டி. நீ ஏன் உன்னையே அரிச்சுக்குறே?" என்கிறார். இருக்கட்டும். பைத்தியமாகவே இருக்கிறேன்.

இனி அவளோடு தனியாக வேலியைத் தாண்ட மாட்டேன் என்று அத்தை மேல் சத்தியம் செய்து எழுதுங்கள். எழுதாவிட்டால் நான் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். பெட்டி கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்துவிட்டது.

•

ஜூலை 20
முகாம்

சத்தியம். அம்மா மேல் சத்தியம். இனி அவளோடு தனியாக வேலியைத் தாண்ட மாட்டேன்.

பெட்டியை உள்ளே தள்ளு.

•

ஆகஸ்ட் 6

அன்புள்ள அத்தான்,

இரண்டே வரி எழுதியிருந்தீர்கள். அதைப் பலமுறை படித்தேன். பெட்டியைத் தள்ளிவிட்டேன்.

ஜெயித்துவிட்டேன் என்று முதலில் சந்தோஷமாக இருந்தது. மாலையில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அத்தை கேட்டார். "அவளும் வரலைன்னா அவன் யாரோட போவான்? முதுகுக்கு யார் காவல்?" மடித்த துணி மடித்தபடி கையில் நின்றுவிட்டது. சத்தியம் வாங்கும்போது அவள் எங்கே நிற்பாள் என்று யோசித்தேன். கரடி எங்கே நிற்கும் என்று யோசிக்கவே இல்லை.

வேலைக்கு எப்படிப் போகிறீர்கள்? முட்டி வலிக்காரக் கிழவரோடு போகிறீர்களா? இல்லை, மூன்றாவதாக யாரையாவது கூட்டிக்கொண்டு அவளும் வருகிறாளா? அப்படி என்றால் பரவாயில்லை. "தனியாக" என்றுதானே எழுதினேன்.

அடுத்த ஹெலிகாப்டரில் பதில் போடுங்கள். வழக்கமான நீளத்துக்கு எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி.

உங்கள் வாயாடி

•

ஆகஸ்ட் 9
நகரம், விடுதி அறை

வாயாடிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன். கை, கால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. இங்கே தொலைபேசி உண்டு. ஆனால் இதைத் தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வராது.

சத்தியம் செய்த பிறகு சில நாள் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டேன். சில நாள் கூடாரத்திலேயே உட்கார்ந்து பழைய அளவுகளைச் சரிபார்ப்பதாகச் சொன்னேன். கடைசியில் மேலாளர் வந்து நின்றார். "இன்னைக்கு முளை அடிக்கலைன்னா நாளைக்கு மெஷின் சும்மா நிக்கும். வயித்து வலியா, வேற வலியா?" என்றார். துணைக்கு இன்னொரு ஆளைக் கேட்டேன். யாரும் ஓய்வாக இல்லை.

அவள் தயாராகி வந்தாள். மழை பிசுபிசுத்தது. துப்பாக்கியைப் பெஞ்சில் வைத்துவிட்டு மழைக்கோட்டு எடுக்க உள்ளே போனாள். நான் துப்பாக்கியை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கருவியையும் தூக்கிக்கொண்டு, வேலிக் கதவைத் திறந்து நடந்துவிட்டேன். அவ்வளவு சுலபமாக இருந்தது.

ஆற்றங்கரையில் முக்காலியை ஊன்றிக் கண்ணைக் கருவியில் வைத்தேன். முதலில் நாற்றம் வந்தது, நனைந்த கம்பளி போல. திரும்பினேன். புதருக்கு இந்தப் பக்கம் கரடி இரண்டு காலில் எழுந்து நின்று என்னை மோந்துகொண்டிருந்தது. அதை எப்படி எழுதுவது? ஆள் மாதிரி நின்றது. மூச்சை நிறுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். அது தானாகவே நின்றுபோயிருந்தது. வானத்தைப் பார்த்துச் சுட்டேன். அது நாலு காலில் இறங்கி, அவசரமே இல்லாமல் புதருக்குள் போய்விட்டது. நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

வெடிச் சத்தம் கேட்டு, ஆற்றில் படகில் போய்க்கொண்டிருந்த வனக் காவலர்கள் இரண்டு பேர் கரை ஒதுங்கினார்கள். நான் பிழைத்தேன் என்று சந்தோஷப்பட்டேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "உரிமம் எங்கே?"

அதற்குள் அவள் ஓடி வந்துவிட்டாள். மூச்சு இரைத்தது. "நான்தான் குடுத்தேன். அவர் பக்கத்துலதான் நின்னேன்" என்றாள். காவலர்களில் மூத்தவர் சேற்றைப் பார்த்தார். முக்காலியைச் சுற்றி ஒரே ஒருவருடைய பூட்ஸ் தடம். என்னுடையது. அவள் தடம் அப்போதுதான் பாதையிலிருந்து இறங்கியிருந்தது. அவர் குனிந்து படம் எடுத்துக்கொண்டார்.

பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். அவளுடைய உரிமத்தையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கு வேலையும் இல்லை. அடுத்த மாதம் விசாரணை.

கம்பெனி வக்கீல் சொல்வது இது. அவள் ஏற்கெனவே தான் கொடுத்ததாகச் சொல்லிவிட்டாள். நானும் "ஆமாம், அவள் கொடுத்தாள், சட்டம் எனக்குச் சரியாகத் தெரியாது" என்றால், வெளிநாட்டான், ஏமாந்துவிட்டான் என்று சின்ன அபராதத்தோடு விட்டுவிடுவார்கள். வேலையும் நிலைக்கும். அவளுடைய உரிமம் மட்டும் நிரந்தரமாகப் போய்விடும். இந்த ஊரில் உரிமம் இல்லாமல் அவளுக்கு வேறு பிழைப்புக் கிடையாது. மாறாக, அவளுக்குத் தெரியாமல் நானே எடுத்தேன் என்று சொன்னால் அவளுக்கு எச்சரிக்கையோடு முடிந்துவிடும். என்னை நாட்டைவிட்டு அனுப்புவார்கள்.

நான் என்ன செய்யட்டும்? உன் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன். இதையும் நீயே சொல்.

அத்தான்

•

ஆகஸ்ட் 24

அத்தான்,

உங்கள் கடிதத்தை எக்ஸ்ரே அறையில் வைத்துப் படித்தேன். வெளியே ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறக்க எனக்குத் தெம்பு வரவில்லை. கரடி நின்ற இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். அதை அனுப்பியதே நான்தான் போலிருந்தது.

அழுது முடித்த பிறகு எனக்கு வந்த முதல் கேள்வி என்ன தெரியுமா? அவள் எதற்காக உங்களுக்காகப் பொய் சொன்னாள்?

யோசித்துச் சொல்லவில்லை, ஓடி வந்த வேகத்தில் சொல்லியிருக்கிறாள். தன் பிழைப்புப் போகும் என்று தெரிந்தும் சொல்லியிருக்கிறாள். உங்களுக்காகப் பொய் சொல்ல வேண்டியவள் நான். அதற்கான உரிமம் என்னிடம்தான் இருக்கிறது. எந்த நாட்டிலும் அது செல்லும்.

அத்தை சொல்வது நியாயமாகவே இருக்கிறது. "அபராதத்தக் கட்டிட்டு வேலையப் பாக்கச் சொல்லு. எவளோ ஒருத்திக்காக என் பிள்ளை தலைகுனிஞ்சு வரணுமா? உனக்கும் அதுதானேடி வேணும்? அவ தொலையட்டும்னுதானே நாலு மாசமா புலம்புனே?" ஆமாம், அதுதான் வேண்டியிருந்தது. ஒரு முழு நாள் அந்த நினைப்பை ஆசையாக வைத்துக்கொண்டிருந்தேன். அவள் வெறும் கையோடு ஆற்றங்கரையில் நிற்பது போல. நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போனேன். மேல்சட்டையில் கதிர்வீச்சு அளக்கும் அட்டையைக் குத்தும்போது கை நின்றுவிட்டது. இந்த மெஷினைத் தொட எனக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். நான் ஒரு நிமிடம் வெளியே போன நேரத்தில் யாரோ என் பெயரில் பொத்தானை அழுத்திவிட்டு, பிறகு "இந்த அம்மாதான் அழுத்தச் சொன்னாங்க" என்றால் எனக்கு எப்படி இருக்கும்? அவள் யாராக இருந்தாலும், வேலையை ஒழுங்காகச் செய்தவள். மழைக்கோட்டு எடுக்கத்தான் போனாள்.

உண்மையைச் சொல்லுங்கள். நீங்களே எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டால் வெட்கப்படாமல், என் மனைவிக்குப் பொறாமை, சத்தியம் வாங்கிவிட்டாள் என்று சொல்லுங்கள். அது எந்த மொழியிலும் புரியும்.

என்னைப் பெரிய நியாயவாதி என்று நினைத்துவிடாதீர்கள். அவள் கொடுத்த பிச்சையில் நீங்கள் அங்கே உட்கார்ந்து சம்பாதிப்பதை என்னால் தாங்க முடியாது. அவள் உங்களுக்குக் கொடுத்ததை முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறும் ஆளாக வாருங்கள். நாட்டைவிட்டு அனுப்புகிறார்களா? நல்லது, அனுப்பட்டும். எனக்கு அதில் நஷ்டம் இல்லை. இதில் எது நியாயம், எது பொறாமை என்று பிரித்துப் பார்த்தேன். பிரிய மாட்டேன் என்கிறது.

வாயாடி

•

செப்டம்பர் 10
நகரம்

அன்புள்ள வாயாடிக்கு,

விசாரணை முடிந்தது. நீண்ட மேசை, சுவரில் வெந்நீர்க் குழாய், ஜன்னலில் ஆவி. அதிகாரி ஓர் அம்மாள். எனக்கு அவர்கள் மொழி தெரிந்தாலும், விதிப்படி மொழிபெயர்ப்புக்கு ஓர் இளைஞர் வந்திருந்தார். நானே எடுத்தேன், அவளுக்குத் தெரியாது, அவள் சொன்னது என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்றேன். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏன் எடுத்தீங்க?"

"என் மனைவிக்குப் பொறாமை. இந்தம்மாவோட தனியாப் போக மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன்."

மொழிபெயர்ப்பவர் என் காதருகே குனிந்து, "இத அப்படியே சொல்லட்டுமா, கொஞ்சம் மாத்திச் சொல்லட்டுமா?" என்றார். அப்படியே சொல்லச் சொன்னேன். அறையில் யாரோ கனைத்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்க மனைவி இவங்கள எப்பவாவது பாத்திருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். எழுதிக்கொண்டார்.

அவளுக்கு எச்சரிக்கை. துப்பாக்கியையும் உரிமத்தையும் அன்றே திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடி முகாம் வேலைக்கே போகிறாள். நான் இருபதாம் தேதிக்குள் வெளியேற வேண்டும். ஐந்து வருடம் இந்த நாட்டுப் பக்கம் வரக் கூடாது. விமானம் பத்தொன்பதாம் தேதி.

வெளியே படிக்கட்டில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். "என்கிட்ட கேக்காம என் துப்பாக்கிய எடுத்தே. இப்ப என்கிட்ட கேக்காம என்னைக் காப்பாத்தியும் விட்டே. உன் வீட்டுச் சண்டையில என்னை எதுக்கு இழுத்தீங்க ரெண்டு பேரும்? நான் வேலைதானே பாத்தேன்?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள். அவள் சொன்னது உனக்கும் சேர்த்துத்தான். அதனால் எழுதுகிறேன்.

இன்னொன்று. இதை எழுதாமல் விமானம் ஏற முடியாது என்று தோன்றுகிறது. ஒன்றும் நடக்கவில்லை. அவள் விரல்கூட என் மேல் பட்டதில்லை. ஆனால் காலையில் கருவியைத் துடைக்கும்போது அவள் பூட்ஸ் சத்தம் கேட்கிறதா என்று காது போகும். அவள் கல்யாணம் ஆனவளா என்று கேட்டாய். எனக்குத் தெரியாது வாயாடி. நான் கேட்கவே இல்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் கேட்கவில்லை. அவளுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் முதல் நாளே என்னைக் கரடிக்குப் போட்டிருப்பாள்.

நீ பார்க்காமலே பார்த்துவிட்டாய். அதற்காகத்தான் உன் மேல் அவ்வளவு கோபப்பட்டேன். கணக்கரை இழுத்ததும் அதனால்தான்.

இதைப் படித்த பிறகு கதவைத் திறப்பாயா என்று தெரியவில்லை. ஒரு வரி எழுதினால், விடுதிக்கு அனுப்பு. இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், நீயும் அதிலேயே போடு.

அத்தான்

•

செப்டம்பர் 15

அத்தான்,

படித்தேன்.

சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். படித்துவிட்டுச் சிரித்தேன். அத்தை பயந்துபோய் ஓடி வந்தார். ஆஸ்பத்திரியில், அக்கம்பக்கத்தில், உங்கள் அம்மா, கணக்கர், எல்லோரும் எனக்குப் பைத்தியம் என்றார்கள். நானும் நம்ப ஆரம்பித்துவிட்டேன். எனக்குப் பைத்தியம் இல்லை என்று எழுதிக் கொடுத்த ஒரே ஆள் நீங்கள்தான். அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம்தான் இருந்தது. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று யாரும் சாப்பிடவில்லை.

அவள் கேட்டது சரி. அவள் வேலைதான் பார்த்தாள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவள் மொழி உங்களுக்குத்தான் தெரியும். புறப்படுவதற்குள் எனக்காக ஒரு வரி எழுதி முகாமுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு வரிதான். அதற்கு மேல் வேண்டாம். என் பெயரில் எழுதுங்கள், உங்கள் பெயரில் இல்லை.

கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. இப்போதுதான் சரியாக ஆரம்பித்திருக்கிறது. ஆனால் இத்தனை நாள் இல்லாத ஆளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். இனி இருக்கிற ஆளோடு போடலாம். அதற்கு நீங்கள் வீட்டில் இருந்தால்தான் வசதி.

விமான நிலையத்துக்கு அத்தை வருவார். நான் வர மாட்டேன். வீட்டில் இருப்பேன், கதவு சாத்தியிருக்காது. நானாகப் பேச மாட்டேன். நீங்கள்தான் பேச ஆரம்பிக்க வேண்டும். அவள் முகம் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லுங்கள். பூட்ஸ், கோட்டு, கை, குறட்டை எல்லாம் எழுதினீர்கள். முகத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்கு எல்லாம் தெரிந்தது அதிலிருந்துதான்.

சொல்லி முடித்த பிறகு சாப்பிடலாம்.

வாயாடி